சட்டம் கேளுங்கள்: பிள்ளைகள் வாங்கியது செல்லுமா?

பொங்கல் முடிந்து இரண்டு மூன்று வாரம் ஆனால் எனக்கு ஒரே மாதிரி கடிதங்கள் வரத் தொடங்கும். பிள்ளைகள் கையில் பொங்கல் காசு சேர்ந்திருக்கும், வீட்டில் சொல்லாமல் கடைக்குப் போயிருப்பார்கள். இந்த முறை அப்படி வந்த ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறான். பொங்கலுக்குச் சேர்ந்த காசும் பாட்டி கொடுத்ததும் சேர்த்து, எங்களிடம் சொல்லாமல் ரிச்சி தெருவுக்குப் போய் 11,500 ரூபாய்க்கு ஒரு பழைய போன் வாங்கி வந்துவிட்டான். மூன்றே நாளில் பேட்டரி உப்பிக்கொண்டு திரையைத் தூக்குகிறது. பில் இல்லை, ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்திருக்கிறார்கள். "விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் கடைக்காரர். பெற்றோர் சம்மதம் இல்லாமல் மைனருக்கு விற்றது செல்லாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அதைச் சொல்லிப் பணத்தை வாங்க முடியுமா? — பெரம்பூர் வாசகி

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பையனை இன்னும் திட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். 16 வயதுப் பையன் தன் காசில் போன் வாங்குவது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை. விற்றவரும் அதற்காக மட்டும் குற்றவாளி ஆகமாட்டார். "செல்லாது" என்ற வார்த்தையைக் கேட்டதும் பலர் "சட்டவிரோதம்" என்று புரிந்துகொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு, வயது வந்தவரால்தான் ஒப்பந்தம் செய்ய முடியும் என்கிறது. அந்த வயது 18 என்பது 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. மைனர் செய்த ஒப்பந்தத்தின் கதி என்ன என்பதைத் தீர்த்து வைத்தது ஒரு கல்கத்தா வழக்கு. தர்மதாஸ் கோஷ் என்ற மைனர், 1895-இல் தன் வீட்டை 20,000 ரூபாய்க்கு ஒரு வட்டிக்கடைக்காரரிடம் அடமானம் எழுதிக் கொடுத்தார். பையன் மைனர், அவனுக்குக் கடன் கொடுத்தால் உங்கள் பொறுப்பு என்று பையனின் தாய் வக்கீல் மூலம் முன்கூட்டியே கடிதம் அனுப்பியிருந்தார். அதையும் மீறிக் கொடுத்தார்கள். வழக்கு, அன்றைக்கு நம் வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அதற்குள் வட்டிக்கடைக்காரர் இறந்துவிட, அவர் மனைவி மொஹரி பீபி நடத்தினார். 1903-இல் தீர்ப்பு வந்தது. மைனர் செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது, அடமானமும் இல்லை, கொடுத்த பணமும் திரும்பாது. 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் நீதிமன்றங்கள் அதைத்தான் பின்பற்றுகின்றன. மகனுக்காக ஒரு தாய் எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதையாக இருக்கிறது.

இதில் பெற்றோர் சம்மதம் எங்கே வருகிறது என்று பாருங்கள். வரவே இல்லை. நீங்கள் சம்மதித்தீர்களா என்று 11-வது பிரிவு கேட்பதில்லை, பையனுக்கு 18 ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டியிருந்தாலும், ஒப்பந்தம் பையனோடு என்றால் அது பையனைக் கட்டாது.

சரி, மீதிப் பாதிக்கு வருவோம். மொஹரி பீபி வழக்கில் வட்டிக்கடைக்காரர் மைனரிடம் பணம் கேட்டு நின்றார். உங்கள் கதையில் யாரும் உங்கள் மகனிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் ரொக்கம் கொடுத்தான், பொருள் வாங்கினான், வியாபாரம் அங்கேயே முடிந்துவிட்டது. மைனர் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தைத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றத்தில் கேட்டால், வாங்கிய பொருளை அப்படியே திருப்பிக் கொடு என்ற கேள்வி உடனே வரும். ஆறு மாதம் போனை வைத்து விளையாடிவிட்டு, "நான் மைனர்" என்று பணம் கேட்பவருக்கு நீதிமன்றம் இரங்காது. உங்களுக்கு ஆனது மூன்று நாள்தான் என்பது நல்லது. ஆனாலும் இந்த வாதத்தை நான் முன்னால் வைக்க மாட்டேன். அதைவிட வலுவான ஒன்று உங்கள் கையில் இருக்கிறது.

பொருள் பழுது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற வணிக முறைகள் என்று ஒரு வரிசை சொல்கிறது. விற்ற பொருளுக்கு பில்லோ ரசீதோ தராமல் இருப்பது அதில் ஒன்று. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு ஏதும் எழுதவில்லை என்றால் 30 நாள் வரை அந்தக் கடமை உண்டு. இரண்டுமே உங்கள் கடைக்காரருக்குப் பொருந்துகிறது. மைனர் வாங்கியிருந்தால் அவருக்காகப் பெற்றோரே புகார் கொடுக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக உங்கள் சம்மதம் இல்லாமல் வாங்கிய பொருளுக்காக, நீங்களே புகார்தாரராக நிற்கலாம்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய துண்டுச் சீட்டின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீல மசியில் போனின் மாடல், "11500", தேதி, கீழே ஒரு செல் நம்பர். மேலே கடை முத்திரை பாதி விழுந்திருக்கிறது. பில் இல்லை என்று எழுதினீர்கள், எனக்கு இது போதும். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பையன் யூபிஐயில் ஏதாவது கொடுத்திருந்தால் அந்த வரியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியை வீடியோ எடுங்கள். போனை இனி சார்ஜில் போடாதீர்கள், அது ஆபத்து.

இன்னொன்று. அந்த போனில் ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண், வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் அந்த எண், இப்படி அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். பழைய போன் வாங்கும் யாரும் காசை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. உங்கள் மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அவன் இன்னும் பல போன் வாங்கப் போகிறவன்.

அப்புறம், பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு வார நாளில், கூட்டம் ஏறுவதற்கு முன், காலையிலேயே கடைக்குப் போங்கள். பேட்டரியை மாற்றித் தருகிறீர்களா, பணம் தருகிறீர்களா என்று நிதானமாகக் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு உரிய ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம், கடை இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ராயபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பையன் 14,000 ரூபாய் கியர் சைக்கிளை 4,000 கொடுத்துவிட்டு எடுத்துப் போனான். மீதி மாதம் ஆயிரம் தருவதாக நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். வயது 19 என்றான். இரண்டு மாதம் கட்டினான், அப்புறம் ஆளே வரவில்லை. அவன் அப்பாவிடம் போனால், "என்னைக் கேட்டா கொடுத்தீங்க? அவனுக்கு 17 தான் ஆகுது" என்கிறார். ஆவணியில் 18 முடிகிறதாம். அதுவரை பொறுத்திருந்து, புதிதாக ஒரு புரோநோட்டு எழுதி வாங்கிவிடலாமா? — ராயபுரம் வாசகர்

பதில்: ஐயா, நானும் கடைக்காரர் மகள்தான். திருவல்லிக்கேணியில் என் அப்பா பள்ளிக்கூட நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் விற்றார். கடன் நின்றுபோனால் ஒரு சின்னக் கடைக்கு எங்கே வலிக்கும் என்பதைப் பார்த்து வளர்ந்தவள். அதனால் உங்களிடம் மெழுகிப் பேசப் போவதில்லை. மீதி 8,000 ரூபாயைக் கடனாகக் கேட்டு வழக்குப் போட்டால் தோற்பீர்கள்.

பொய் வயது சொன்னான் என்பது உண்மையாகவே இருக்கட்டும். வயதை மறைத்து வாங்கிய மைனர், பின்னால் "நான் மைனர்" என்று சொல்வதைச் சட்டம் தடுப்பதில்லை. தடுத்தால், எல்லாக் கடன்காரரும் பையன்களிடம் "எனக்கு 19" என்று எழுதி வாங்கிவிட்டு அந்தப் பாதுகாப்பையே ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார்கள். ஆனால் பொருளையும் வைத்துக்கொண்டு பணமும் தராமல் இருப்பதைச் சட்டம் ரசிப்பதும் இல்லை. 1963-ஆம் ஆண்டு குறித்த பரிகாரச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 33-வது பிரிவு, மைனர் என்று சொல்லி வழக்கை ஜெயித்தவரிடம், நீ எந்த அளவுக்குப் பலன் பெற்றாயோ அந்த அளவுக்குத் திருப்பிக் கொடு என்று நீதிமன்றம் சொல்லலாம் என்கிறது. ஆகவே உங்களுக்கு நியாயமாகக் கிடைக்கக்கூடியது சைக்கிள்தான். ஏற்கெனவே வாங்கிய 6,000-க்கும் ஒரு கணக்கு சொல்ல வேண்டி வரும்.

ஆவணிக்குக் காத்திருக்கும் யோசனை வேண்டாம். செல்லாத ஒப்பந்தத்தை 18 முடிந்ததும் "நான் ஒப்புக்கொள்கிறேன்" என்று உயிர்ப்பிக்க முடியாது. அந்தப் பழைய கடனுக்காக மட்டும் எழுதி வாங்கும் புரோநோட்டும் நிற்காது, ஏனென்றால் அதற்கு ஈடாக அன்றைக்கு நீங்கள் புதிதாக எதுவும் கொடுக்கவில்லை. 18 முடிந்து அவனே மனம் உவந்து கட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

சைக்கிள் பள்ளிக்கூடம் போக அவசியமானதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 68-வது பிரிவு அப்படி ஒரு வழி விடுகிறது. மைனரின் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருளைக் கொடுத்தவர், அதன் விலையை அந்த மைனரின் சொத்திலிருந்து பெறலாம். சொத்திலிருந்து என்பதைக் கவனியுங்கள். பையன் பெயரில் ஏதாவது இருந்தால்தான் வழி, அப்பாவின் சம்பளத்தை அது தொடாது. அத்தியாவசியம் எது என்பதும் ஆளைப் பொறுத்தது. 1908-இல் இங்கிலாந்தில் ஒரு தையல்காரர், கேம்பிரிட்ஜில் படித்த ஒரு மைனருக்கு 11 ஆடம்பர வெயிஸ்ட்கோட் தைத்துக் கொடுத்துவிட்டு வழக்குப் போட்டார். பையன் வசதியான வீட்டுப் பிள்ளைதான். ஆனாலும் அவனிடம் ஏற்கெனவே போதுமான துணி இருந்தது என்று தையல்காரர் தோற்றார். சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் வழக்கு இது. மழைக்காலத்தில் தங்கசாலையிலிருந்து பள்ளிக்கு நடந்து போகும் பையனுக்கு ஒரு சாதாரண சைக்கிள் அத்தியாவசியம் என்று நான் வாதாடுவேன். வீட்டில் ஒரு சைக்கிள் இருக்கும்போது 14,000 ரூபாய் கியர் சைக்கிளுக்கு வாதாட எனக்கு மனம் வராது.

இனி அப்பாவைப் பற்றி. பிள்ளை வாங்கிய கடனுக்குப் பெற்றவர் பொறுப்பில்லை என்பது பொது விதி. இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, எல்லாக் கடைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒப்பந்தச் சட்டத்தின் 184-வது பிரிவின்படி மைனரும் இன்னொருவருக்கு ஏஜெண்டாக இருக்கலாம். எங்கள் கடையில் பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று, நூலில் கட்டித் தொங்கும். தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டுக்குக் கணக்கு. எட்டு வயதுப் பிள்ளை வந்து, "அப்பா நோட்டுல எழுதிக்கச் சொன்னாங்க" என்று ஒரு டஜன் பென்சில் வாங்கிப் போகும். மாதம் முதல் தேதி அப்பா வந்து அடைப்பார். அங்கே ஒப்பந்தம் பிள்ளையோடு இல்லை, அப்பாவோடு. பிள்ளை வெறும் தூது. மாதாமாதம் அடைத்துவந்த அப்பா, ஒரு மாதம் மட்டும் "நான் அனுப்பவில்லை" என்று கை விரிக்க முடியாது. இனி அவனுக்குக் கொடுக்காதே என்று கடைக்காரரிடம் சொல்லியிருந்தால் அன்றிலிருந்து முடிந்தது.

ஒருமுறை ஒரு பையன் அந்த நோட்டில் ஒரு மைப்பேனா எழுதிப் போனான். மாசக் கடைசியில் அவன் அப்பா வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, பேனாவில் நின்றார். ஒன்றும் பேசவில்லை. என் அப்பாவும் பேசாமல் அந்த வரியை அடித்துவிட்டார். மறுநாள் பையன் பேனாவைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்துவிட்டு நின்றான். அவனைப் பார்த்ததும் என் அப்பா பேனாவை அவன் சட்டைப் பையிலேயே சொருகி அனுப்பினார். அதற்கப்புறம் அந்த வீட்டுக் கணக்கு ஒருநாளும் பாக்கி நின்றதில்லை.

உங்கள் சைக்கிள் பையனின் அப்பா உங்களிடம் முன்பு இப்படிக் கணக்கு வைத்து அடைத்தவரா? இல்லை என்றால் ஏஜெண்டு வாதம் ஒட்டாது. சைக்கிளைக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாசலில் நிற்கிறதே என்று தூக்கி வந்துவிடாதீர்கள், வேறு வழக்கில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இனிமேல் தவணை என்றால் அப்பாவையோ அம்மாவையோ கடைக்கு வரச் சொல்லி, அவர் பெயரில் பில் போடுங்கள். மீசை முளைத்ததை வைத்து வயது போடாதீர்கள்.

கேள்வி: என் பேரனுக்கு 13 வயது. என் போனில் விளையாடும்போது, விளையாட்டுக்குள் ஏதோ வைரம் வாங்குகிறேன் என்று 18,600 ரூபாய் காலி செய்துவிட்டான். யூபிஐ பின் அவனுக்குத் தெரியும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். பேங்கில் இருந்து யாரோ திருடிவிட்டதாகப் புகார் கொடு என்று மருமகன் சொல்கிறார். — மயிலாப்பூர் வாசகர்

பதில்: அந்தப் புகாரைக் கொடுக்காதீர்கள் ஐயா. 1930 என்ற எண் சைபர் மோசடியில் பணம் இழந்தவர்களுக்கானது. நீங்கள் சொல்லப் போவது பொய், விசாரித்தால் கடைசியில் நிற்பது உங்கள் பேரன்.

வங்கியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரே பின்னை மற்றவருக்குக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவர் கணக்கில்தான். எனவே போக வேண்டிய இடம் வங்கி இல்லை. அந்த விளையாட்டை இறக்கிய ஆப் ஸ்டோருக்குப் போங்கள். அங்கே ஒவ்வொரு வாங்கலுக்கும் பக்கத்தில் பணம் திரும்பக் கேட்கும் இடம் இருக்கிறது. குடும்பத்தில் ஒரு சிறுவன் அனுமதி இல்லாமல் வாங்கினான் என்ற உண்மையை அப்படியே எழுதுங்கள். எவ்வளவு சீக்கிரம் எழுதுகிறீர்களோ அவ்வளவு நல்லது, இன்றைக்கே உட்காருங்கள். மறுத்தால், 13 வயதுச் சிறுவனோடு செய்த வியாபாரம் செல்லாது என்பதைச் சொல்லி 1915-இல் புகார் பதியலாம்.

பின்னை மாற்றுங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் கைரேகையோ கடவுச்சொல்லோ கேட்கும்படி ஸ்டோரில் அமைத்துவிடுங்கள். பேரன் விளையாடுவது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டம் என்றால் விஷயமே வேறு. அப்படிப்பட்ட ஆட்டங்களை எல்லா வயதினருக்கும் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. வைரம் வாங்கி வேடம் மாற்றும் ஆட்டம் அதில் வராது.

கேள்வி: என் கணவர் 14 வயது மகனைத் தெருமுனைக் கடைக்கு சிகரெட் வாங்க அனுப்புகிறார். "எனக்குத்தானே வாங்குகிறான், அவனா பிடிக்கிறான்?" என்கிறார். — வியாசர்பாடி வாசகி

பதில்: யாருக்காக வாங்கினாலும் தப்புதான். 18 வயது ஆகாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்கிறது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவு இன்னும் கடுமை. குழந்தைக்குப் புகையிலையைக் கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். கடைக்காரரைச் சிக்கலில் இழுத்துவிடுவது உங்கள் வீட்டுக்காரர்தான். இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் காபி டம்ளர் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 15 வயசு, பத்தாவது படிக்கிறேன். கல்யாண வீடுகளில் மெஹந்தி போட்டு இதுவரை 9,200 ரூபாய் சேர்த்திருக்கிறேன். படம் வரையும் டேப்லெட் ஒன்று ஆன்லைனில் 7,800 ரூபாய். அம்மா அப்பாவைக் கேட்காமல் நான் வாங்க எனக்கு உரிமை இருக்கிறதா? பொருள் வராமல் போனால் மைனர் என்பதால் என்னால் கேட்க முடியாதா? — கொளத்தூர் வாசகி

பதில்: கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடைசி வரியில்தான் இந்த மாதத்தின் நல்ல கேள்வி இருக்கிறது.

முதலில் காசு. மெஹந்தி போட்டுச் சம்பாதித்தது உன் காசு. அதை வைத்துக்கொள்ள ஒரு கணக்கு வேண்டும். 10 வயது முடிந்த பிள்ளைகள் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் கார்டு உண்டா என்பதை ஒவ்வொரு வங்கியும் முடிவு செய்யும். இருப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்க விடமாட்டார்கள். உனக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது என்பது வங்கிக்குத் தெரியும்.

அடுத்து, வாங்குவது. வாங்கலாம். யாரும் உன்னைப் பிடிக்க மாட்டார்கள். ஆனால் பெரிய ஆன்லைன் கடைகள் தங்கள் விதிகளில், 18 ஆகாதவர்கள் பெற்றோர் மூலம்தான் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கின்றன. காரணம் நீ நினைப்பது போல உன்னைக் குறைத்து மதிப்பதில்லை. ஒப்பந்தம் உன்னைக் கட்டாது, அவர்களுக்கு அதில் பயம். நீ அம்மாவின் கணக்கில் ஆர்டர் போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. யூபிஐயில் ஒருவர் தன் கணக்கிலிருந்து வீட்டில் இன்னொருவர் செலவழிக்க அனுமதி கொடுக்கும் வசதியும் 2024-லிருந்து இருக்கிறது.

இப்போது உன் கடைசி வரி. பொருள் வராவிட்டால் கேட்க முடியாதா? முடியும். சட்டம் உனக்குக் கொடுத்திருப்பது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. உன் மேல் கடனைச் சுமத்த யாராலும் முடியாது. ஆனால் நீ உன் பங்கை முழுதாகக் கொடுத்து முடித்துவிட்டால், உனக்கு வர வேண்டியதைக் கேட்க அந்தக் கதவு திறந்திருக்கிறது. இதைச் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். 1916-இல் ராகவாச்சாரியார் என்பவரின் வழக்கில் முழு அமர்வு உட்கார்ந்து கேட்டது. மைனர் ஒருவரின் பணத்தை முழுவதும் வாங்கிக்கொண்டு, அவர் பெயருக்கு அடமானம் எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னால் "நீ மைனர், அதனால் இது செல்லாது" என்று தப்பிக்கப் பார்த்தார்கள். பணம் வாங்கியவர் அப்படிச் சொல்ல முடியாது, மைனர் அந்த அடமானத்தை அமல்படுத்தலாம் என்றது நீதிமன்றம். பாரிமுனைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்திருப்பாய். நான் 30 வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கிய படிக்கட்டு அது. இந்தத் தீர்ப்பை முதன்முதலில் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் உனக்காக உன் அம்மாவோ அப்பாவோ கையெழுத்திட வேண்டும். அதனால்தான் அவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கு என்கிறேன். அனுமதி கேட்கச் சட்டம் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பொருள் உடைந்து வந்தால் உன் பக்கத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு, அது வருவது தெரிந்திருக்கட்டும்.

7,800 ரூபாயை ஒரே தடவையாகக் கட்டிவிடு, மாதத் தவணை என்று யார் காட்டினாலும் தொடாதே. பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடு. உன் பெயரும் பில்லில் வருகிற மாதிரி ஆர்டர் போடச் சொல், மெஹந்தி போட்ட கை உன்னுடையது.